பசிக்கூண்டுக் காகங்கள்

பசியின் பெருமையைப் பேச வந்திருந்த டாக்டர் அர்த்தநாரி, வருகிற வழியில் பொள்ளாச்சியில் ஒரு நெய் ரோஸ்ட்டும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. வெறும் வயிற்றோடு பசியைப் புகழ்வது யாராலும் முடிகிற காரியமல்ல.

செங்காட்டுப்பதி தொடக்கப்பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் தரையில். பெற்றோர் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில். மேடை ஓரத்தில் ஒரு தட்டில் பொன்னாடைகள், யார் தோளில் விழுவது என்று தெரியாமல் காத்திருந்தன.

“மாணவச் செல்வங்களே!” என்று தொடங்கினார் டாக்டர். தென்னை உயிர்நுட்ப நிலையத்தின் இயக்குநர் அவர். ஒலிபெருக்கியைக் கண்டால் அவர் குரல் தானாகவே ஒரு படி கீழே இறங்கிக் கனத்துவிடும். “காகத்துக்கு அறிவைக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடமா? இல்லை. பெற்றோரா? இல்லை. பசி! வயிறு நிறைந்த காகம் குச்சியை எடுத்தால் கூடு கட்டும். வயிறு காய்ந்த காகம்தான் அதே குச்சியைக் கருவியாக்கும். பசியே ஆசான்!”

கைதட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டவில்லை. அவர்கள் மேடையில் பட்டுத்துணி போர்த்தியிருந்த பொருளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

துணி விலகியது. திறன்பெட்டி. எவர்சில்வர் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே சூடான இட்லி தெரியும். பெட்டியின் மேல் ஒரு சின்னத் திரையில் தினம் ஒரு புதிர் வரும். பிள்ளை புதிரை விடுவித்தால் கதவு திறக்கும். விடுவிக்காவிட்டால் திறக்காது. இட்லி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடிதான் திட்டத்தின் உயிர்நாடி என்று டாக்டர் விளக்கினார். இவ்வளவு நாளும் பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைத்த காலைச் சாப்பாடு இனிமேல் இப்படித்தான்.

“தொறக்கலைன்னா?” என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள்.

“மதியச் சாப்பாடு இருக்கிறதே அம்மா!” என்றார் டாக்டர், மதியச் சாப்பாட்டையே தான் கண்டுபிடித்ததுபோல.

பிறகு பெற்றோர் எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். காலையில் பள்ளிக்கு அனுப்புமுன் பிள்ளைக்கு எதையும் ஊட்டுவதில்லை; மீறினால் பிள்ளையின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கச் சம்மதம். நம் ஊரில் கை நீட்டச் சொன்னால் நீட்டிவிட்டுத்தான் எதற்கென்று கேட்பார்கள். நீட்டிய கைகளில் வெள்ளியங்கிரியுடையதும் ஒன்று. நிலையத்தில் பறவைக்கூண்டுகளைப் பராமரிப்பவர் அவர். மகள் கனிஷ்கா நாலாம் வகுப்பு.

டாக்டர் சொன்ன காகம் கற்பனைக் காகமல்ல. சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்துத் தென்னைகளில் சிவப்புக் கூன்வண்டு விழுந்தது. அதன் புழு மரத்துக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கொழுக்கும். தண்டில் காதை வைத்தால் அது மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் பச்சையாக, கம்பீரமாக நிற்கும். தலை சாய்கிற அன்றைக்குத்தான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரியவரும். டாக்டர் அர்த்தநாரி இதற்கு முன் இப்படிப்பட்ட நிறுவனங்கள் இரண்டுக்குத் தலைவராக இருந்திருக்கிறார்.

மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றினார்கள். புழு மருந்துக்குப் பழகிக்கொண்டது. செத்த புழுக்களைத் தின்ற காகங்கள் பழகிக்கொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு காகமில்லை என்றாகிவிட்ட பிறகுதான், காகத்தை வைத்தே புழுவை எடுக்கலாமே என்ற யோசனை நிலையத்துக்கு வந்தது. வேறு மாவட்டத்துக் காகங்களின் முட்டையில் மரபணுவைத் திருத்தினார்கள். அலகு கொஞ்சம் நேரானது. கண்கள் கொஞ்சம் முன்னால் வந்தன. குஞ்சுப் பருவம் நீண்டது. உடம்பு தயார். ஆனால் தயாரான உடம்புகள் ஈர்க்குகள் மேலேயே உட்கார்ந்துகொண்டு கத்தின. ஒன்றுகூட ஒரு ஈர்க்கை எடுத்துப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மதியம் வெள்ளியங்கிரி ஆராய்ச்சியாளர் ஜெசிந்தாவிடம் கேட்டார். ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடி. காகங்களைப் பற்றியே டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊரில் அவள் அம்மா இதை யாரிடமும் சொல்வதில்லை.

“ஏனுங் மேடம், வெளிநாட்டுக் காக்கா குச்சிய வெச்சுப் புழு நோண்டுதுங்கறீங்க. அதென்ன டியூசனுக்குப் போச்சுதுங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணே. நியூ கலிடோனியான்னு ஒரு தீவு. அங்க மரங்கொத்தி கிடையாது. மரத்துக்குள்ள இருக்கிற புழுவுக்குப் போட்டியே இல்ல. அடிச்சுத் திங்க வர்ற பிராணியும் ரொம்பக் கம்மி. பயமில்லாம ஒரே எடத்துல உக்காந்து நோண்டிக்கிட்டே இருக்கலாம். புழுவக் குத்தி எடுக்காது. குச்சிய விட்டுச் சீண்டும். புழு கோவத்துல குச்சியக் கடிக்கும். கடிச்சா விடாது. அப்படியே இழுத்து வெளிய போட்டுரும்.”

“என்ற மச்சானாட்டவே இருக்குதுங். கடிச்ச பேச்ச உடமாட்டான். அப்பிடியே தூக்கி ஜெயில்ல போட்டுட்டாங்க.”

“இதப் படிக்கிறதுக்குக் குஞ்சுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் தாயும் தகப்பனும் ஊட்டிக்கிட்டே இருக்கும். குஞ்சு தலகீழாக் குச்சி பிடிச்சுத் தப்புத் தப்பா விளையாடும். பசிச்சா அம்மா வாயில சோறு.”

“அப்ப வசதியான ஊட்டுப் புள்ளைங்கன்னு சொல்லுங்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவள் கட்சியும் அதுதான். அடிபடுகிற பயமும் பசியும் இல்லாத இடத்தில்தான் பறவை குச்சியோடு விளையாடும். விளையாட்டுதான் ஒருநாள் கருவியாகும். டாக்டரின் கட்சி வேறு. அவர் ஏழைக் குடும்பத்திலிருந்து முன்னேறியவர். முன்னேறியதற்குக் காரணம் பசி என்று நம்பினார். தன்னோடு சேர்ந்து பசித்துக் கிடந்த மற்ற பையன்கள் ஏன் இயக்குநர் ஆகவில்லை என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு கூண்டுகள் கட்டினார்கள். ஒன்றில் எந்திரம் அரைவயிற்றுக்கு இரை போடும். மற்றதில் வேண்டிய மட்டும். ஊழியர்கள் அவற்றுக்குப் பசிக்கூண்டு, விருந்துக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள். இரண்டிலும் புழு வைத்த தென்னந்துண்டுகள், கட்டுக் கட்டாக ஈர்க்கு. தூக்கி எடை போட்டால் பறவை மிரளும் என்று டாக்டர் எடை போடுவதை மட்டும் தடுத்துவிட்டார்.

சில மாதங்களில் பசிக்கூண்டில் ஒரு பெட்டைக் காகம் ஈர்க்கை எடுத்து முனையைக் கொத்திச் சீராக்கி, துளைக்குள் விட்டு, புழுவை இழுத்தது. வாரக் கடைசிக்குள் கூண்டே இழுத்தது. விருந்துக்கூண்டுக் காகங்கள் கழுத்தைச் சாய்த்து அதை வேடிக்கை பார்த்தன.

ஜெசிந்தா தோற்றாள். நேர்மையானவள் என்பதால் தோற்றேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். டாக்டர் ஜெயித்தார். அவர் நேர்மையானவர் என்பதால் அதை உலகத்துக்கே சொன்னார். ஒரு கருத்தரங்கில் ஒரு ஆலோசகர் எழுந்து, “காகத்துக்குப் பொருந்துவது குழந்தைக்குப் பொருந்தாதா?” என்றார். டீக்கடையில் கேட்டிருந்தால் பெஞ்சை விட்டு எழுப்பி அனுப்பியிருப்பார்கள். கருத்தரங்கில் கேட்டதால் அது கொள்கையாகிவிட்டது.

திறன்பெட்டி வந்த முதல் மாதம் செங்காட்டுப்பதியில் பெரும்பாலான பெட்டிகள் திறக்கவில்லை. பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கனிஷ்கா ஒருநாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். இன்னொரு நாள் கைவிளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கதவு இடுக்கில் விட்டு, கொக்கியைத் தள்ளிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். உலகத்தில் எந்த விஞ்ஞானியும் அதைக் கருவிப் பயன்பாடு என்றுதான் சொல்லியிருப்பார். தலைமையாசிரியர் பெட்டிக்குச் சேதம் என்று சொல்லி முட்டிபோட வைத்தார்.

“அந்தக் காக்கா பண்ணுனா மாலை போட்டீங்களே. என்ற புள்ள பண்ணுனா முட்டிங்களா?” என்று வெள்ளியங்கிரி ஜெசிந்தாவிடம் கேட்டார்.

இரண்டாவது மாதத்திலிருந்து பெட்டிகள் திறக்க ஆரம்பித்தன. மெல்ல மெல்ல, பிறகு வேகமாக. டாக்டர் அறைச் சுவரில், திறந்த பெட்டிகளைக் காட்டும் கோட்டுப்படம் ஏறிக்கொண்டே போனது. “பசி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு பாத்தியாம்மா,” என்றார் ஜெசிந்தாவிடம். கனிஷ்காவும் திறந்தாள். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. பசி கன்னத்தை உப்பவைக்கும் என்று ஜெசிந்தா எங்கும் படித்ததில்லை.

அந்த உறுத்தலோடு இருந்த ஒரு சாயங்காலம், பசிக்கூண்டில் ஒரு காகத்தின் கால் கம்பிவலையில் சிக்கிக்கொண்டது. வேலையாள் யாரும் கிட்டத்தில் இல்லை. ஜெசிந்தாவே உள்ளே போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். காகம் அடைக்கோழிபோல் கனத்தது. விரலால் மார்பைத் தடவிப் பார்த்தாள். எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை.

“வெள்ளியங்கிரி அண்ணே!”

வந்தவர் காகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“சாப்பாட்டுப் போசியத் தொறந்தா போதுங். வந்து வரிசையா உக்காந்து பாக்குதுங். அத்தன கண்ணு பாக்கறப்ப நமக்குத் தொண்டையில எறங்குமுங்களா? ஒரு வாய்தானுங் வெச்சேன். தெனமும் ஒரே ஒரு வாய். என்னால என்ன வந்துரப் போகுது?”

“நீங்க ஒருத்தர் வச்சு இவ்வளவு கனம் வராது அண்ணே.”

காவலாளி காதர் மைதீனைக் கூப்பிட்டாள். அவர் விறைப்பாக நின்றார். “பொய் சொல்ல மாட்டேன் மேடம். எங்களுக்கு அமாவாசையும் கெடையாது, திதியும் கெடையாது. ஆனா வாயில்லாத சீவனப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் மட்டும் பரோட்டா தின்னா அது ஹராம் மேடம். பாதி குடுத்துருவேன். சால்னா குடுக்கல. காரம்.”

கணக்குப் பிரிவு அம்மாள் சனிக்கிழமைகளில் எள்ளுச்சாதம் வைத்திருந்தாள். ஓட்டுநர் தன் மனைவி கட்டிக்கொடுப்பதை முழுக்கவே வைத்திருந்தார். அதற்குக் காரணம் பக்தி அல்ல, சமையல். எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு கூண்டுகளின் பின்பக்கமும் வாய்க்கால் மேட்டை ஒட்டியிருந்தது. ஊரில் காகமே இல்லை. ஆனால் அமாவாசை வராமல் இருக்குமா? ஊர் முழுக்க வாழையிலையோடு அந்த மேட்டுக்கு வந்துகொண்டிருந்தது. விருந்துக்கூண்டுக் காகங்கள் இலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செத்துப்போன தகப்பனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். பசிக்கூண்டுக் காகங்களோ வைத்த மறுநிமிடம் வலைக்குள் இழுத்துக்கொள்ளும். முன்னோர்களுக்கு என்ன திருப்தி! எல்லோரும் பசிக்கூண்டுக்கே வைத்தார்கள். வடை, பாயசம், பருப்பு, நெய்.

தான் வைக்கிற ஒரு கைப்பிடி மட்டும்தான் அந்தக் கூண்டுக்குள் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, அந்த நிலையத்தில் கவலையே இல்லாமல், வயிறாரத் தின்று, வேளை தவறாமல் ஊட்டப்பட்டு, பயமில்லாமல் வாழ்ந்த கூட்டம் பசிக்கூண்டில்தான் இருந்தது. விருந்துக்கூண்டில் எந்திரம் மட்டும்தான் சோறு போட்டது. ஜெசிந்தா தோற்கவே இல்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் அவளால் முடியவில்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனாள்.

“சார், பசிக்கூண்டுல எந்தக் காக்காவும் பசியில இல்ல. எல்லாரும் சோறு வச்சிருக்காங்க.”

“எல்லாருமா? யார் யாரு?”

“ஊரே சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். ஒலிபெருக்கி இல்லாத அவர் குரலை ஜெசிந்தா அன்றுதான் முதல்முறை கேட்டாள்.

“எங்கய்யா திதிக்கு நானும் வெச்சேம்மா. ஊர்ல வேற எங்க போய்க் காக்காயத் தேடறது? ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி சோத்துல சயின்ஸ் கெட்டுருமா?”

“அதத்தான் சார் எல்லாரும் சொல்லுதாங்க.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதோடு இயக்குநர் திரும்பி வந்துவிட்டார்.

“சரி. காகம் போகட்டும். பிள்ளைகள்? அவர்கள் பெட்டியைத் திறக்கிறார்களே, அது பொய்யா? அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஜெயித்தால் மாநிலம் முழுக்க. பிள்ளைகள் தோற்றார்கள் என்றால் நானே எழுந்து நின்று என் முடிவு தவறு என்று சொல்லிவிடுகிறேன். சத்தியம்.”

சத்தியம் செய்தது நல்ல மனதோடுதான். தோற்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் சத்தியம் செய்வது யாருக்கும் சுலபம்.

ஜெசிந்தா வாய்க்கால் மேட்டில் வெள்ளியங்கிரியைப் பிடித்தாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. கனிஷ்காவுக்கு வீட்டுல ஊட்டித்தான அனுப்புறீங்க?”

“மயக்கம் போட்டு உழுந்த அன்னிக்கிருந்துங். கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு வாய். யாரு ஊட்லதானுங் ஊட்டல? வெளிய சொன்னாப் பேர வெட்டிப்போடுவாங்க.”

“நீங்க எல்லாரும் ஊட்டுறதுனாலதான் பெட்டி திறக்குது. பெட்டி திறக்கிறதுனாலதான் பசி நல்லதுன்னு சொல்லுதாங்க.”

“அதுக்கு? ஊட்டாம உட்றச் சொல்றீங்களாக்கும்?”

“ஒரு நாள். குழு வர்ற அன்னிக்கு மட்டும். நம்ம ஊர்ல ஒளிச்சு வச்சு ஊட்டிருவோம் அண்ணே. விடியுமுன்ன மில்லுக்குப் போற அம்மா எப்படி ஊட்டும்? ஆஸ்டல் பிள்ளைக்கு யாரு ஊட்டுவா? திட்டம் எல்லா ஊருக்கும் போனா அதுங்க நெசமாவே பட்டினி கிடக்கும். நெசமாப் பசிச்ச பிள்ளையால திறக்க முடியாதுன்னு அவங்க கண்ணால பாக்கணும். நான் போய்ச் சொன்னா உங்க எல்லாரு வேலையும் போகும், பிள்ளைங்க பேரும் போகும்.”

வெள்ளியங்கிரி வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டார்.

“மேடம், உங்குளுக்குப் புள்ள இருக்குதுங்களா?”

“இல்ல அண்ணே.”

“அதானுங்.”

ஆனாலும் அவர் ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் அம்மாக்களைக் கூட்டிப் பேசியதும் அவர்தான். “பொட்டியச் செஞ்சவனக் கொண்டாந்து அதுக்குள்ள அடைங்க, நாங்க வெளிய நின்னு புதிர் போடறோம்,” என்றாள் ஒருத்தி. கடைசியில், “ஒரு நாத்தான, சஷ்டி விரதம்னு நெனச்சுக்கறோம்,” என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடியும் வலது கைகள் நீண்டன. இந்தத் தடவை எதற்கென்று தெரிந்தே.

குழு காரில் வந்து இறங்கியது. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விருந்தினர் விடுதியில் இடியாப்பம் நன்றாக இருந்ததாக டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். இளநீர் வந்தது.

நீளமான வகுப்பறையில் பிள்ளைகள் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்குக் கண்காணிப்பாளர் ஜெசிந்தா. அந்த வரிசையின் ஓரத்தில் கனிஷ்கா. குழு இன்னும் இளநீரைக் குடித்து முடிக்கவில்லை. பெட்டிக் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது.

கனிஷ்கா முகம் வெளுத்திருந்தது. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். பார்க்காமல் நடப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

“ஆண்ட்டி.”

“பேசக் கூடாதும்மா.”

“எங்கப்பா இன்னிக்கு எனக்குச் சாப்பாடே குடுக்குல. கேட்டதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங். நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?”

ஜெசிந்தாவின் பையில் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. கோவில்பட்டி மிட்டாய், ஊரிலிருந்து அம்மா யாரிடமோ கொடுத்தனுப்பியது. அவள் கணக்குப் போட்டாள். அறை முழுக்கப் பிள்ளைகள். எல்லோரும் பட்டினி. இதில் ஒரு பிள்ளை திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? முடிவு மாறப்போவதில்லை. ஒரே ஒரு பிள்ளை. ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

“கை கழுவிட்டு வா,” என்று அவளைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “சீக்கிரம் மெல்லு. மெல்லு கண்ணு. தப்பு ஒண்ணும் பண்ணல நீ.”

குழாயடியில் ஏற்கெனவே கூட்டமாக இருந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை திரும்பி நின்று ஒரு பையனின் வாயில் வாழைப்பழத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் தோலைச் சேலைக்குள் மறைத்தாள். சமையற்கார அம்மா இரண்டு சின்னதுகளுக்கு வெல்லக்கட்டியை நீட்டியபடி, “இதுக ரெண்டுக்கு மட்டுந்தானுங்,” என்றாள். வேலிக்கு அப்பால் கோயில் முன் கை நீட்டியிருந்த அம்மாக்களில் பாதிப்பேர் தூக்குப்போசியோடு நின்றிருந்தார்கள். மீதிப்பேர் வீட்டிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் தான் ஒருத்தி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்ற வெட்கம்.

மணி அடித்தது.

முதல் பெட்டி திறந்தபோது குழுத் தலைவர் கண்ணாடியை மாட்டினார். பிறகு மளமளவென்று கதவுகள் திறக்கும் சத்தம் வரிசை வரிசையாக வந்தது. டாக்டர் அர்த்தநாரி தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு கணம் அவர் கண்கள் ஜெசிந்தாவைத் தேடின. தோற்கவேண்டும் என்று அவரும் கொஞ்சம் ஆசைப்பட்டதுபோல் இருந்தது. அதற்குள் தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டதால் அந்த ஆசை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அசாத்தியம்! வரும் கல்வியாண்டிலேயே எல்லா மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கிறேன்,” என்றார் தலைவர். “டாக்டர், பசி எவ்வளவு பெரிய ஆசான், பார்த்தீர்களா!”

“பார்த்தேன்,” என்றார் டாக்டர். குரல் ஒரு படி கீழே இறங்கிக் கனத்திருந்தது.

கடைசி வரிசையில் கடைசியாக ஒரு பெட்டி மூடியே இருந்தது. அறை முழுக்க அதைப் பார்த்தது. கனிஷ்கா புருவத்தைச் சுருக்கினாள், விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டாள், திரையில் இரண்டு இடத்தில் தொட்டாள். கதவு திறந்தது. கைதட்டல்.

“இந்தக் குழந்தையைப் பாருங்கள், எவ்வளவு மெலிந்திருக்கிறது! இதுதான் உண்மையான பசி. போட்டோ எடுங்கள்,” என்று தலைவர் வரிசைகளுக்கு நடுவே வர ஆரம்பித்தார். “ரொம்பப் பசித்ததாம்மா?”

“ஆமாங் சார்,” என்றாள் கனிஷ்கா. அது பொய்யில்லை.

அவள் கடைவாயில் ஒரு கடலைத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவர் இன்னும் இரண்டு பெட்டி தூரத்தில் இருந்தார். பார்த்தால் பிள்ளையின் பெயர் போகும். பார்த்தால் திட்டமும் போகலாம். ஜெசிந்தா யோசிக்கத்தான் நினைத்தாள். அதற்குள் அவள் கட்டைவிரல் போய் அதைத் துடைத்துவிட்டது.

நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளியங்கிரி நிற்பது தெரிந்தது. வேலியோரம் நின்ற அம்மாக்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். அவர் அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.